ஆம்புலன்ஸ் வரும்வரை: முதலுதவித் தன்னார்வலர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார்

வேலூர்க்காரர்களுக்கு ஆஸ்பத்திரி விஷயத்தில் ஒரு மெத்தனம் உண்டு. "சிஎம்சி இருக்கு, பெண்ட்லேண்ட் இருக்கு, அடுக்கம்பாறை இருக்கு, அப்புறம் என்ன?" என்பார்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் இரண்டு மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து வைத்தியத்துக்கு வந்து சேரும் ஊர் இது. இங்கே இருப்பவரிடம் போய் முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள் என்றால் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் யாரும் ஆஸ்பத்திரி வாசலாகப் பார்த்து விழுவதில்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி நெடுஞ்சாலையில் விழுகிறார்கள். கே.வி.குப்பம் பக்கம் மோட்டார் கொட்டகையில் விழுகிறார்கள். அணைக்கட்டுக்கு மேலே மலைக் கிராமத்தில், ராத்திரி பாயில் படுத்திருக்கும்போது பாம்பு கடிக்கிறது. சம்பவம் நடந்த இடத்துக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவே ஒரு நேரம் இருக்கிறதே, அதில் எந்த டாக்டரும் இல்லை. பக்கத்தில் நிற்பவர்தான் இருக்கிறார்.

அப்படி நிற்பவர் கொஞ்சம் பழகியவராக இருந்தால், அவர்தான் முதலுதவித் தன்னார்வலர். சம்பளம் கிடையாது. சிகிச்சை கொடுப்பதும் அவர் வேலை கிடையாது. அடிபட்டவரின் நிலைமை மேலும் மோசமாகாமல் பார்த்துக்கொண்டு, சரியான இடத்துக்கு, சரியான தகவலோடு அனுப்பிவைப்பது, அவ்வளவுதான். சின்ன வேலையாகத் தோன்றும். இதயம் நின்றுபோன ஒருவருக்கு, எதுவும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நான்கைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பித்துவிடும். உலகத்திலேயே சிறந்த ஆஸ்பத்திரி பத்து நிமிட தூரத்தில் இருந்தாலும் அந்த நான்கைந்து நிமிடத்துக்கு அது உதவாது.

இந்த ஊருக்கு இது புதிய யோசனையும் இல்லை. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனைதான் இன்றைய சிஎம்சி. ஆஸ்பத்திரி வளர்ந்துகொண்டிருந்த அந்த முதல் ஆண்டுகளிலேயே அவர் குடியாத்தம் சாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய், வழியில் மரத்தடிகளில் நிறுத்தி, காத்திருந்த ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார். பிற்பாடு 1977-ல் கே.வி.குப்பம் பக்கம் காவனூரில் சிஎம்சியின் ருசா என்ற கிராம நல மையம் வந்ததும் அதே எண்ணத்தில்தான். ஆஸ்பத்திரியைக் கட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் போதாது என்று கட்டியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே குடியிருக்கும் நாம்தான் மறந்துவிடுகிறோம்.

யார் செய்யலாம்?

நர்ஸ் படித்தவர்களும் மருத்துவ மாணவர்களும்தான் இதற்கெல்லாம் சரி என்று ஒதுங்குகிறவர்கள் நிறைய. உண்மையில் விபத்து நடந்த இடத்தில் முதலில் இருப்பவர் ஷேர் ஆட்டோ ஓட்டுநர், டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், பள்ளிக்கூட வாத்தியார், நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள். தமிழ்நாட்டில் கண்டக்டர் லைசென்ஸ் வாங்க முதலுதவிச் சான்றிதழ் கேட்பார்கள். எத்தனை பேர் அதைச் சடங்காக முடித்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் அந்த விதியை எழுதியவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

எதுவுமே கற்காதவர்கூட மூன்று காரியம் செய்யலாம்: 108-க்குக் கூப்பிடலாம், கூட்டத்தை விலக்கலாம், ரத்தம் வரும் இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடிக்கலாம். ஒரு நாள் பயிற்சி எடுத்தவர் அதோடு நெஞ்சு அழுத்தம், எலும்பு முறிவுக்குக் கட்டு, மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைப்பது எல்லாம் செய்யலாம். மருத்துவத் துறையில் இருப்பவருக்குக் கை நிறைய வேலை இருக்கிறது. ஆனால் அவருக்குத்தான் எல்லைகளும் அதிகம். அதைப் பிறகு பார்ப்போம்.

108-ல் என்ன சொல்ல வேண்டும்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-லிருந்து ஓடுகிறது. போனை எடுப்பவர் நம் ஊரில் இல்லை, சென்னையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் "சார், புதூர் ஆலமரத்துக்கிட்ட ஆக்சிடெண்ட், சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டால் அவர் எந்தப் புதூருக்கு வண்டி அனுப்புவார்? மாவட்டம் முழுக்கப் புதூர்தான். மாவட்டம், தாலுகா, ஊராட்சி, ஊர், பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த இடம் என்ற வரிசையில் சொல்ல வேண்டும். 2019-ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். அவசரத்தில் பழக்கதோஷத்தில் வேலூர் என்று சொல்லிவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. நெடுஞ்சாலையாக இருந்தால் பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைப் படித்துச் சொல்லுங்கள். சென்னை போகும் பக்கமா, பெங்களூர் போகும் பக்கமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நடுவில் தடுப்பு இருப்பதால் எதிர்ப்பக்கம் வந்துவிட்ட வண்டி எங்கோ போய்த் திரும்ப வேண்டியிருக்கும். தேசிய நெடுஞ்சாலைக்கென்று 1033 என்ற தனி எண்ணும் உண்டு.

எத்தனை பேருக்கு அடி, மூச்சு இருக்கிறதா, நினைவு இருக்கிறதா என்பதையும் சொல்லிவிட்டு, அவர்கள் வைக்கும்வரை நீங்கள் போனை வைக்காதீர்கள். ஒருவரை மெயின் ரோட்டுக்கு அனுப்பி வண்டிக்குக் கை காட்டச் சொல்லுங்கள். கிராமத்துத் தெருக்களில் இந்த ஒரு ஆள் மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமில்லை.

பாதி வேலை தடுப்பதுதான்

பயிற்சி வகுப்பில் என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். தெருவில் இறங்கினால் பாதி நேரம் மற்றவர்களை எதையும் செய்யவிடாமல் நிறுத்துவதில்தான் போகும். ஒருவர் கீழே விழுந்தால் நம் ஊரில் நடப்பதைக் கவனியுங்கள். ஒருவர் சோடா பாட்டிலை உடைத்து முகத்தில் அடிப்பார். இன்னொருவர் தலையைத் தூக்கி மடியில் வைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவார். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். காயத்தில் காப்பித்தூளோ மஞ்சள்தூளோ கொட்டுவார்கள். தீக்காயத்தில் பற்பசை, பேனா மை, தோசை மாவு. எல்லாம் நல்ல மனதோடுதான். ஆனால் நினைவில்லாதவர் வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

வலிப்புக்கு இரும்பு ஒன்றும் செய்யாது. பக்கத்தில் இடிபடுகிற சாமான்களை நகர்த்தி, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108. சாவியைக் கொடுத்த பெரியவரோடு சண்டை போடாதீர்கள். சாவி கையில் இருந்துவிட்டுப் போகட்டும், பற்களுக்கு நடுவில் மட்டும் எதையும் வைக்கவிடாதீர்கள். சூடு பட்ட இடத்துக்குக் குழாய்த் தண்ணீர், இருபது நிமிடம். ஐஸ் வேண்டாம். ரத்தம் வடியும் காயத்தில் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. துணி நனைந்துவிட்டால் அதன்மேலேயே இன்னொரு துணி.

அப்புறம் அந்த "தூக்குடா, தூக்குடா!" நாலு பேர் கைக்கு ஒருவர் காலுக்கு ஒருவராகப் பிடித்துக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால், நடந்து போயிருக்க வேண்டியவர் வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் உட்கார அந்த ஒரு தூக்கலே போதும். வண்டி தீப்பற்றுகிறது, நடுரோட்டில் கிடக்கிறார் என்பது மாதிரி உடனடி ஆபத்து இல்லாவிட்டால் அசைக்கக் கூடாது. அசைத்தே ஆக வேண்டுமென்றால் தலை, கழுத்து, முதுகு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், தலையை ஒருவர் மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சு சரியாக இருக்கும்வரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

பஸ் கவிழ்ந்தது போன்ற பெரிய விபத்தில் ஒன்று மனதில் இருக்கட்டும். கத்துகிறவர்களிடம்தான் எல்லாரும் ஓடுவார்கள். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது. சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள்.

நெஞ்சு அழுத்தம்

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கப் பார்க்கும் சி.பி.ஆர். என்பதைப் பலரும் வீடியோவில் பார்த்திருப்பார்கள். பார்ப்பதற்கும் செய்வதற்கும் தூரம் அதிகம். தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு இல்லை அல்லது சரியாக இல்லை என்றால் ஆரம்பிக்க வேண்டியதுதான். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இதயம் நின்றவர் முதல் சில நிமிடங்கள் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து எப்போதாவது ஒரு இழுப்பு இழுப்பார். "மூச்சு வருதுப்பா" என்று கூட்டம் நிம்மதி அடையும். அது மூச்சு இல்லை. இதயம் நின்றுவிட்டதன் அடையாளம் அது.

சமமான, கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். கயிற்றுக் கட்டிலில் வைத்து அழுத்தினால் கட்டில்தான் அமுங்கும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நடுவில், உள்ளங்கையின் அடிப்பகுதி. அதன்மேல் மறு கை, விரல்கள் கோத்தபடி. முழங்கை மடங்கக் கூடாது, தோள் நேர்மேலே வர வேண்டும். உடல் எடையை இறக்கி ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம் அழுத்தி, முழுதாக மேலே வரவிட்டு, மறுபடியும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். வேகம் தானாக அமையும். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கலாம். பயந்து நிறுத்துகிறவர்கள் அங்கேதான் நிறுத்துகிறார்கள். நிறுத்தக் கூடாது. எலும்பை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், அதனால் ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். பயிற்சி எடுத்தவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு கொடுப்பார்கள். பழக்கமில்லாதவர்கள், திடீரென்று சரிந்துவிட்ட பெரியவர்களுக்கு, வாயோடு வாய் வைக்காமல் அழுத்தம் மட்டும் கொடுத்தால் போதும்.

நீரில் மூழ்கியவர் கணக்கு வேறு. அவருக்குக் குறைவது காற்று, ஆகையால் மூச்சு கொடுப்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். கோடை விடுமுறையில் விவசாயக் கிணற்றிலும், பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளத்தில் மழைக்குப் பிறகு தேங்கும் தண்ணீரிலும் பிள்ளைகள் மூழ்குவது நம் பக்கம் வருடந்தோறும் நடப்பதுதான். தூக்கியவுடன் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நேரத்தை வீணாக்கும் வேலை. வயிற்றிலிருந்து வெளிவருவது மூச்சுக்குழாய்க்குள்ளேயே திரும்பப் போகவும் கூடும்.

பாம்புக்கடி

வடாற்காடு கிராமங்களில் தன்னார்வலராக இருக்க நினைப்பவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஆழமாகக் கற்க முடியும் என்றால் இதைக் கற்கட்டும். நாகம் என்கிற நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நாட்டில் பெரும்பாலான பாம்புக்கடிச் சாவுகளுக்குக் காரணம் இந்த நான்கும். நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைச் செய்யத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பங்கு செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்திலிருந்து போகிறது. ஒரே மருந்து என்பதால் பாம்பை அடித்துப் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. அடிக்கப் போனவர் கடிபட்டு இரண்டாவது நோயாளியாக வந்த கதைதான் மிச்சம். தள்ளி நின்று செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் சரி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் பட்ட இடமே தெரியாது, வீக்கமும் வலியும் பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருப்பார்கள். இமை தானாகச் சரிய ஆரம்பிக்கும், பேச்சு குழறும். ராத்திரி சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் தசைகள் செயலிழந்துபோகும். தரையில் படுத்தவர் காலையில் இமை சரிந்து எழுந்தால் பாம்பு என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஆளை நடக்கவிடாதீர்கள், ஓடவே விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். வீங்கிவிட்டால் மெட்டி விரலுக்குள் புதைந்துபோகும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தாலிக்கயிறு மாதிரியே மெட்டியைக் கழற்றவும் வீட்டுப் பெரியவர்கள் தயங்குவார்கள். ஒரு பெண் தன்னார்வலர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிக் கழற்றினால் வேலை ஆகும். கடிபட்ட கை அல்லது காலுக்கு ஒரு குச்சியோ அட்டையோ வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. இறுக்கிக் கட்டியதால் காலையே இழந்தவர்கள் உண்டு. வண்டி வர வழியில்லை என்றால் பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே கடிபட்டவரை உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு போகலாம்.

எங்கே போவது? இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பதுதான் தன்னார்வலரின் பெரிய உபயோகம். விஷமுறிவு மருந்து உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பில் உள்ளதா, ராத்திரியில் அங்கே டாக்டர் இருப்பாரா, இல்லாவிட்டால் அடுத்து எந்தத் தாலுகா ஆஸ்பத்திரி என்பதைப் பகலில், ஒன்றும் நடக்காத நாளில் போய்க் கேட்டு வையுங்கள். 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில், அத்திமரத்துக்கொல்லையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாததால் கீழே கொண்டுவருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. திரும்பும்போதும் ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல், பெற்ற தாய் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறினார். சாலை போடுவது அரசாங்கத்தின் வேலை, எந்தத் தன்னார்வலரும் சாலைக்கு ஈடாக முடியாது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த மாதிரி தொண்டைப் பற்றிப் பேசும்போது, அரசு செய்ய வேண்டியதையெல்லாம் நல்ல மனசுக்காரர்கள் தலையில் கட்டிவிட்டுக் கைதட்டும் பழக்கம் நமக்கு இருக்கிறது. முதலுதவியும் கற்போம், சாலை கேட்டு மனுவும் கொடுப்போம்.

மாடு விடும் விழாவும் சிரசுத் திருவிழாவும்

தை பிறந்தால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் கிராமங்களில் மாடு விடும் விழா. தென் மாவட்ட ஜல்லிக்கட்டு மாதிரி மாட்டைத் தழுவுவது இங்கே கிடையாது. தெருவில் ஓடவிட்டு, எந்த மாடு குறைந்த நேரத்தில் எல்லையைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள். மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஆம்புலன்ஸ் ஒரு முனையில் நிற்கும், அடிபடுகிறவர் தடுப்பைத் தாண்டி ஓடுதளத்துக்குள் இறங்கிய வேடிக்கைக்காரராக, மறுமுனையில் கிடப்பார். எல்லையைத் தாண்டி ஓடும் மாட்டைப் பிடிக்கிற இடம்தான் அபாயம். தன்னார்வலர்கள் அங்கே, தடுப்புக்கு வெளியே நிற்பது நல்லது.

வயிற்றில் கொம்பு குத்திக் குடல் வெளியே வந்திருந்தால் அதை உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து மேலே மூடி, முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து அனுப்புங்கள். குடிக்க எதுவும் வேண்டாம், எவ்வளவு கெஞ்சினாலும். வெளியே சின்னக் கீறலாகத் தெரிவது உள்ளே பெரிய சேதமாக இருக்கலாம். "ஒண்ணும் இல்லண்ணா" என்று எழுந்து நடக்கிறவரையும் விடாமல் அனுப்ப வேண்டும்.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வேறு ரகம். அக்னி நட்சத்திர வெயில், கௌண்டன்ய ஆற்றங்கரை முழுக்கத் தலைகள். இங்கே எதிரி வெப்பம். மயங்கி விழுபவர்களில் பெரும்பாலானோரை நிழலில் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வைத்தாலே தெளிந்துவிடுவார்கள். ஒருவர் மட்டும் உடம்பு நெருப்பாகக் கொதிக்க, சம்பந்தமில்லாமல் பேசினால் அது வெப்ப வாதம், உயிர் போகிற விஷயம். சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தடுமாறுகிறவருக்கு நீர்மோர் கொடுக்கக் கூடாது. நீர்மோர் பந்தல் மற்ற எல்லாருக்கும்.

உள்ளே குதிக்காதீர்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைப் பகுதிக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் மயங்கினால், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் மயங்குவார், அவருக்குப் பின்னால் மூன்றாமவர். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை நாற்றமடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து அந்த நாற்றமும் தெரியாமல் போய்விடும். வாசனை இல்லையே என்று இறங்குகிறவர்கள் இப்படித்தான் போகிறார்கள். பழைய கிணறு, மாட்டுச் சாண எரிவாயுத் தொட்டி, வீட்டுச் செப்டிக் டேங்க் எல்லாவற்றுக்கும் இதே விதி. மூச்சுக்கருவி உள்ள தீயணைப்புத் துறையை 101-ல் கூப்பிட்டுவிட்டு, மற்றவர்கள் இறங்காமல் தடுத்து நிறுத்துவதே அங்கே முதலுதவி. மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்தவரைத் தொடுவதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பதற்றத்தில் தொட்டுவிடுகிறார்கள்.

மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு

நர்ஸ், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், பணி ஓய்வு பெற்றவர், மருத்துவ மாணவர் இப்படி வீதிக்கு ஒருவராவது இருக்கிற ஊர் வேலூர். இவர்களுக்கு வருகிற சோதனை வேறு மாதிரி. வெள்ளைக் கோட்டு போட்டவரைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்பார்: "ஒரு ஊசி போட்டு வுட்டுடு கண்ணு, சரியாப் பூடும்." போடக் கூடாது. டாக்டர் எழுதிக் கொடுக்காத ஊசி, குளுக்கோஸ், ஆன்டிபயாடிக் எதுவும் தன்னார்வத் தொண்டில் வராது. நல்ல எண்ணத்தில் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனால் அங்கே அதைச் சமாளிக்க எந்த வசதியும் இருக்காது.

இவர்களால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முகாம்களில் வெயிலில் நடந்து வந்தவரை நிற்கவைத்து, பேசிக்கொண்டே பார்த்து, "அய்யோ, 160" என்று பயமுறுத்தி அனுப்புவதைப் பார்க்கிறோம். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதயத்தின் மட்டத்தில் இருக்க, பேசாமல் பார்த்த அளவுதான் அளவு. 140/90-க்கு மேல் இருந்தால் இன்னொரு நாளும் பார்த்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண் பணியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து போனால், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் யார் என்பது ஒரே சாயங்காலத்தில் தெரிந்துவிடும். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும், சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதும் தொண்டுதான்.

ரத்த தானமும் இதில் சேரும். சிஎம்சியில் அறுவை சிகிச்சைக்கு வந்து பாபுராவ் தெரு லாட்ஜில் தங்கியிருக்கும் வெளி மாநிலக் குடும்பத்துக்கு இந்த ஊரில் சொந்தக்காரர் யாரும் கிடையாது. 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்குக் குறையாத எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம்.

போலீஸ், கேஸ், பில்

"உதவப் போய் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டியிருக்கும்" என்ற பயம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். 2016 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளைக் கட்டாயமாக்கியது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்குக் கைம்மாறு எதிர்பாராமல் நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது, தவறிப்போய் ஏதாவது நேர்ந்தாலும், வழக்குப் போட முடியாது. பெயர், விலாசம் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் முடியாது. ஆஸ்பத்திரியில் சேர்த்தவரிடம் பணம் கட்டச் சொல்லவும் கூடாது.

அடிபட்டவர் வீட்டாருக்குப் பில்லைப் பற்றிய பயம். 2021 டிசம்பரில் தமிழக அரசு கொண்டுவந்த "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் சேர்த்து, குறிப்பிட்ட தொகை வரை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டாம். வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலும் சரி. நெடுஞ்சாலையோர ஊர்க்காரர்கள், பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இதில் இருக்கிறது என்று விசாரித்து வைத்திருந்தால், எங்கே கொண்டுபோவது என்ற வாக்குவாதத்தில் போகும் நேரம் மிச்சம்.

எங்கிருந்து தொடங்குவது

பயிற்சிக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தையோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸையோ அணுகலாம். மருத்துவக் கல்லூரிகளும் அவ்வப்போது பொதுமக்களுக்கு உயிர்காக்கும் பயிற்சி நடத்துகின்றன. தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் ஊருக்கே வந்து செய்துகாட்டுவார்கள். தனியாகப் போய்க் கற்றுக்கொள்வதைவிட ஒரு தெருவிலிருந்து நாலைந்து பேராகப் போங்கள், அதில் பாதிப் பேராவது பகலில் ஊரில் இருப்பவர்களாக இருக்கட்டும். ஷூ கம்பெனிக்குக் காலையில் போய் இரவில் திரும்புகிறவர் மட்டுமே பயிற்சி பெற்றிருந்தால் மத்தியானம் கிணற்றில் விழுந்த பிள்ளைக்கு உதவாது. பயிற்சி முடிந்ததும் கிராம சுகாதார செவிலியரிடம் உங்கள் பெயர்களையும் போன் எண்களையும் கொடுத்துவிடுங்கள்.

முதலுதவிப் பைக்குப் பெரிய செலவு இல்லை. கையுறை, முக்கோணக் கட்டுத்துணி நாலைந்து, பஞ்சுத் துணிச் சுருள், கத்தரிக்கோல், டார்ச், சோப்பு, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஓ.ஆர்.எஸ். தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவு. பையில் மாத்திரைகளை அடைக்காதீர்கள். மாத்திரை இருந்தால் யாராவது கேட்பார்கள், கேட்டால் கொடுக்கத் தோன்றும். பையை யார் வீட்டிலாவது பீரோவுக்குள் பூட்டி வைக்காமல், ராத்திரியிலும் தட்டினால் திறக்கிற கடையில் வையுங்கள்.

கற்ற நெஞ்சு அழுத்தம் சில மாதங்களில் கையை விட்டுப் போய்விடும். சான்றிதழை மாட்டிவைத்தால் போதாது. வருடத்துக்கு இரண்டு முறையாவது சேர்ந்து செய்து பார்க்க வேண்டும். நம் பக்கத்துக்கு மார்கழிக் கடைசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால், முன்னது மாடு விடும் விழாவுக்கும் பின்னது வெயிலுக்கும், பிள்ளைகள் கிணற்றுக்குப் போகும் லீவுக்கும் சரியாக இருக்கும்.